கம்பளி போர்த்திய தக்காளி

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நான் போட்ட தக்காளி, முதல் வருஷம் பூவோடு நின்றுவிட்டது. ராக்குளிரில் பூவெல்லாம் கொட்டிப்போனது. விடுவேனா? கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் என் வீட்டுக்காரரின் கம்பளியை எடுத்துச் செடிகளுக்குப் போர்த்தினேன். விடிந்ததும் தக்காளி இலை ஒட்டிய அந்த ஈரக் கம்பளியோடு அவர் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார். கங்காணி முதற்கொண்டு எல்லாரும் சிரித்தார்களாம்.

"என்னைவிட செடிதான் ஒனக்குப் பெருசா?" என்று சாயங்காலம் வந்து குதித்தார். அவ்வளவு செய்தும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

அடுத்த வருஷம், துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்த என் அண்ணன், அங்கே காய்க்கும் சின்னத் தக்காளி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

"இது குளிர் தாங்குற சாதி தங்கச்சி. ஒண்ணும் போர்த்த வேணாம்."

அதன் விதையைப் போட்டேன். கொத்துக்கு ஐந்தாறு பிஞ்சு!

அன்று அந்தியில் மலைத்தண்ணீர் விழும் பீலியிலிருந்து குடத்தோடு திரும்பினால், வீட்டுக்காரர் குனிந்து தன் கம்பளியைச் செடிக்குப் போர்த்திக்கொண்டிருக்கிறார்.

"பிஞ்சு நடுங்குது புள்ள" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாங்க, நல்லா இழுத்து மூடுங்க" என்றேன்.

அண்ணன் சொன்னதை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவேயில்லை.