ரஷ்யாவில் குதிப்பவர்களுக்கான கடதாசி

ஆகாயத்திலிருந்து குதிக்கப் போகிறவன் முதலில் சப்பாத்தைக் கவனிக்க வேண்டும். கணுக்காலை மூடி இறுக்கிக் கட்டுகிற சப்பாத்தாக இருக்க வேண்டும். கயிறு கட்டும் இடத்தில் இரும்புக் கொளுக்கி இருந்தால் பரசூட் குடையின் நூல் அதில் மாட்டிக்கொள்ளும். உடம்பு தொண்ணூறு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தால் ஏறக் கூடாது, காது போய்விடும். கோடை காலம்தானே என்று மெல்லிய சட்டையோடு போகக் கூடாது, மேலே குளிர். காற்று அடித்தால் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். ஆகவே பயணத்தில் மூன்று நாலு நாளை மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் குதித்ததில்லை. விமானத்தில் ஏறியதுமில்லை. யுத்த காலத்தில், திருகோணமலையில், ஒரு கடதாசியை ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதினேன். என்னுடைய தகுதி அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஒருவர் இருந்தார். புடவைக் கடையொன்றின் மேல்மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் உலகப் படம். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவார். உலகப் படத்தில் எந்த நாட்டைக் கேட்டாலும் விரலை வைத்து, அங்கே தனக்கு ஆள் இருக்கிறது என்பார். அவர் போன தூரம் கட்டுநாயக்கா விமான நிலையத்து வாசல்வரைதான். அதற்கு உள்ளே ஆட்களை அனுப்பிவிட்டு வெளியே நின்று கை காட்டுவது அவருடைய தொழில்.

அந்த வருடம் அவர் ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தார். ரஷ்யாவில் ஒரு நகரத்துக்கு வெளியே பரசூட்டில் குதிக்கப் பழக்கும் கழகம் ஒன்று. சோவியத் உடைந்த பிறகு அவர்களுக்கும் கஷ்டம். வெளிநாட்டுக்காரர் வந்து குதித்தால் வருமானம் என்பதால், கேட்டவர்களுக்கெல்லாம் அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். கடிதத்தைக் காட்டி விசா எடுப்பது, போய் இறங்குவது, பிறகு மேற்கே நழுவுவது. இதுதான் திட்டம். ஏழு பேர். ஏழு பேரும் தமிழ்ப் பொடியன்கள். அதில் ஒருவர் என் அண்ணன்.

கடற்படைத் துறைமுகத்தின் மதிலுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிற, இரண்டு தடவை சுற்றிவளைப்பில் பிடிபட்டு வந்த, இருபத்தேழு வயது மீன்பிடிகாரன் ஒருவன் விமானத்திலிருந்து குதிக்கப் பழகுவதற்கு ரஷ்யா போகிறான். இதை ஒரு நாட்டின் காவல் துறை எப்படி வாசிக்கும் என்று அந்த முழுக்கைச் சட்டைக்குள் இருந்த மூளைக்குத் தோன்றவேயில்லை. எங்கள் பகுதியில் சீனன்குடா விமானப்படைத் தளத்தில் ஏறி இறங்கும் விமானத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கே ஆட்கள் யோசிப்பார்கள். உலகத்தில் எத்தனை விளையாட்டு இருக்கிறது. ரஷ்யாவென்றால் சதுரங்கம் இருக்கிறது. நான் நேரே போய் இதை அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"தம்பி, செஸ் எண்டால் எம்பசியில விளையாடிக் காட்டச் சொல்லுவாங்கள். குதிச்சுக் காட்டச் சொல்லி ஆர் கேக்கப்போறான்?"

அவருடைய வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வசனம் அதுவாகத்தான் இருக்கும். அது பலித்தும்விட்டது. எம்பசியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு பேருக்கும் விசா கிடைத்தது.

அழைப்புக் கடிதத்தோடு கழகத்தார் இரண்டு பக்கத்தில் அறிவுரைகள் அனுப்பியிருந்தார்கள். ரஷ்ய மொழியில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதியது. ஆனால் எழுதியவன் விஷயம் தெரிந்தவன். ஏஜென்சிக்காரர் அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டுத் தன்னுடைய அறிவுரைகளைச் சொன்னார். ரஷ்யாவில் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமாம். பொலிஸ்காரன் மறித்தால் 'ஸ்போர்ட்ஸ்' என்று சொன்னால் காணுமாம். இரண்டு சுவெற்றரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஏறினால் பெட்டியின் பாரம் குறையுமாம். இதைக் கேட்டுத் தலையாட்ட ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் என்னோடு படித்தவர்கள். படித்து என்ன, முன்னால் இருக்கிறவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தால் அவன் சொல்வது வேதம்.

நான் லாச்சியிலிருந்த கடதாசியைக் கேட்டு வாங்கிப் படியெடுத்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் ஐயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அண்ணன் மூன்றாம் வகுப்போடு வள்ளத்தில் ஏறியவர். அவர் கடலுக்குப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். உயர்தரம் பாஸ் பண்ணி, ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியராக இருந்தேன். அவருக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுதான் என்று நினைத்தேன். குதிக்கப் போவதில்லையென்றாலும், இடையில் யாராவது கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டுமே. ஆகவே உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தையும் தமிழில், அண்ணன் எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடியமாதிரிப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

போய் இறங்கி மூன்று நாளுக்குள் தங்குமிடத்தில் பதிய வேண்டும். பதிந்த துண்டைத் திரும்பும்வரை தொலைக்கக் கூடாது. அவர்களுடைய எழுத்துகள் பாதி ஆங்கிலம்போலத் தெரியும், ஆனால் ஒலி வேறு. இரண்டு நாள் இருந்து படித்தால் பெயர்ப் பலகையை வாசிக்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். பழக்குகிறவருக்குச் சின்னப் பரிசு கொடுப்பது அங்கே வழக்கம். இலங்கையர் தேயிலை கொண்டுவந்தால் சந்தோஷப்படுவார்கள். குதிக்கும் நாளில் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. கதவில் நின்று கீழே பார்க்கக் கூடாது. நிலம் நெருங்கும்போது இரண்டு காலையும் சேர்த்து முழங்காலைக் கொஞ்சம் மடிக்க வேண்டும். விழுந்தால் பக்கவாட்டில் விழ வேண்டும்.

விளங்கட்டும் என்று படமும் கீறினேன். விமானம், அதிலிருந்து அம்புக்குறி, குடையோடு ஒரு ஆள், கீழே நிலம். தலைப்பில், கீழே இரண்டு கோடு போட்டு, 'விமானத்திலிருந்து குதிக்கும் முறை' என்று எழுதினேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

அண்ணன் அதை விடவில்லை. கடற்படை கொடுத்த, கடலுக்குப் போகும் பாஸோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பின்னேரங்களில் கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் முன் அணியத்தில் ஏறி நின்று மணலில் குதிப்பார். எழும்பி, கடதாசியைப் பார்ப்பார். திரும்ப ஏறுவார். வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நக்கலடித்தார்கள். பொய்க்கு இவ்வளவு பாடுபடுகிறாரே என்று எனக்கும் கொஞ்சம் சிரிப்பு.

விமானம் ஏறுவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஏழு பேரும் தனித்தனியாகக் கொழும்புக்குப் போவதென்று ஏற்பாடு. அண்ணன் காலை பஸ்ஸில் ஏறினார். மத்தியானம் அதே பஸ்ஸின் கொண்டக்டர் எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு ஆள் அனுப்பினார். கந்தளாய்ச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பார்த்தபோது அண்ணனின் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசி எடுத்தார்களாம். அவரை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது.

யுத்தம் நடக்கிற நாட்டில், கையால் கீறிய படம் எதையும் தமிழன் பையில் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் பகுதியில் படிக்காதவர்களுக்கும் தெரிந்த விஷயம். என்னுடைய புவியியல் கொப்பியில் இருந்த இலங்கைப் படத்தையே அம்மா அடுப்பில் போட்டு எரித்தவர். ஏஜென்சிக்காரரை முட்டாள் என்று நான் சொல்லித் திரிந்த அந்த இரண்டு கிழமையும், பலாலி, சீனன்குடா விமானத் தளங்கள் இரண்டுக்கும் பொருந்தக்கூடிய ஒரு படத்தை நான்தான் கீறி, தலைப்பும் எழுதி, என் கூடப்பிறந்தவரின் பையில் வைத்திருந்தேன். எழுதினால்தான் அறிவு என்று நினைக்கிறவன் செய்கிற வேலை.

அடுத்த நாள் ஏஜென்சிக்காரரிடம் போனேன். அவர் என்னைக் கதவுக்கு உள்ளே விடவில்லை. தன்னை ஏன் இதற்குள் இழுக்கிறேன் என்றார், யார் எழுதச் சொன்னது என்றார். கழகத்தின் ஆங்கிலக் கடதாசியையும் அழைப்புக் கடிதத்தின் பிரதியையும் கதவிடுக்கால் நீட்டினார். கூட வரச் சொல்லிக் கேட்டேன். தனக்குப் பிரஷராம்.

மூன்றாம் நாள் காலை கந்தளாய்க்குப் போனேன். இராணுவ முகாம் அதிகாரி என்னை வெகுநேரம் நிற்க வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். நடுத்தர வயது, கண்ணாடி. மேசையில் என்னுடைய கடதாசி விரித்திருந்தது. சுவரோரம் வாங்குப் பலகையில் அண்ணன் இருந்தார். பெல்ட்டைக் கழற்றி வாங்கியிருந்தார்கள். அடித்த மாதிரித் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைத்தார். என்ன அர்த்தமென்று எனக்கு விளங்கவில்லை.

அதிகாரி ஆங்கிலக் கடதாசியை முழுதாக வாசித்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். இது உண்மையான கழகமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் இன்னும் மோசம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மீன்பிடிகாரனுக்கு விமானத்திலிருந்து குதிக்கப் பழகி என்ன ஆக வேண்டும்? இரண்டு நாளாகக் கேட்கிறோம், உன் அண்ணன் ஒரே கதையைச் சொல்கிறான். குதிக்கப் போகிறானாம், வேறொன்றுமில்லையாம்.

அண்ணன் திட்டத்தைக் காட்டிக்கொடுக்காமல் தாக்குப்பிடிக்கிறார் என்று நினைத்தேன். அந்த ஏஜென்சிக்காரனுக்காகவா இந்தப் பாடு என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. பொய்யைத் தொடர்ந்தால் அண்ணன் ஆயுத இயக்கத்துக்காகப் பரசூட் பழகப் போகிறவர் என்றாகிவிடும். உண்மையைச் சொன்னால் விசாவும் போகலாம், மற்ற ஆறு பேரும் மாட்டலாம். நான் யோசித்த நேரம் மிகக் குறைவு. அவர் குதிக்கப் போவதில்லை சேர், ஓடப் போகிறார், ஐரோப்பாவுக்கு, உயிருக்குப் பயந்து, என்றேன். மேலே ஏற்றினால் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவார் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. நம்ப வேண்டுமே என்று சேர்த்துக்கொண்டேன்.

அதிகாரிக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எங்களைப் பற்றி அவர் ஏற்கெனவே வைத்திருந்த கணக்குக்கு அது சரியாகப் பொருந்தியது. தமிழ் தெரிந்த ஒரு சிப்பாயைக் கூப்பிட்டு அண்ணனிடம் அதைச் சொல்லிக் கேட்கச் சொன்னார்.

"உன்ர தம்பி சொல்றார், நீ குதிக்கிற ஆள் இல்லையாம். பயத்தில ஓடுறியாம். ஏத்தினா அழுவியாம். சரியா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்து, "ஓம்" என்றார்.

பாஸ்போட்டையும் பெல்ட்டையும் கொடுத்தார்கள். என்னுடைய கடதாசியை அதிகாரி வைத்துக்கொண்டார். கீறினது யார் என்று கேட்டார். நான் என்றேன். விமானத்துக்குக் கதவு கீறவில்லையே, ஆள் எந்த வழியால் குதித்தான் என்று கேட்டுவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் சனம் குறைவு. விசா தப்பியது, நாளைக்கே வெளிக்கிடலாம் என்று தம்பலகாமம் வயல்வரை நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் உண்மையைச் சொல்லாமல் இருந்தது சரிதான், ஆனால் அந்த ஏஜென்சிக்காரனை இப்படிக் காப்பாற்றியிருக்கத் தேவையில்லை என்றும் சொன்னேன்.

"ஆர் அவனைக் காப்பாத்தினது?" என்றார். "அவங்கள் கேட்டவங்கள், நான் உள்ளதைச் சொன்னனான். நான் குதிக்கத்தான் இருந்தனான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஓடுறதும் ஓடுறதுதான். அதுக்கு முதல் ஒருக்கால் குதிக்க இருந்தனான். நீ எழுதித் தந்ததை வாசிச்சுத்தான் அந்த ஆசையே வந்தது." யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அழுவன் எண்டு அவனுக்குச் சொன்னாய்."

எங்களுக்குள் கதை அதோடு முடிந்தது. மறுநாள் காலை அவர் வெறும் சட்டைப் பையோடு பஸ் ஏறினார். தேயிலைப் பைக்கற் இரண்டை நான் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வேறெதுவும் சொல்லித் தரச் சொல்லிக் கேட்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து பஸ் நிலையத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் ஏஜென்சிக்காரர் அதே முழுக்கைச் சட்டையோடு ஆட்களைச் சேர்த்து வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பிரஷர் சுகமாகியிருந்தது. ஏழு பேரையும் விமான நிலையத்தில் கழகத்து வான் ஒன்று காத்திருந்து நேரே மைதானத்துக்குக் கொண்டுபோய்விட்டதாம். கழகத்தார் உண்மையாகவே குதிக்க வந்தவர்கள் என்று நம்பிக்கொண்டு பழக்க ஆரம்பித்துவிட்டார்களாம். ஆறு பேருக்கு வயிற்றுக் குத்து, தலைச்சுற்று, காது வலி. ஆறு பேரும் விடுதியில் போர்வைக்குள் படுத்துவிட்டார்களாம். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் அவருக்கு இன்னும் உற்சாகம் வந்தது.

"இவற்ற தமையனாருக்கு என்ன விசரே? அவர் போய்க் குதிச்சவராம்."

குதித்த பிறகு என்ன சொன்னாராம் என்று கேட்டேன்.

"என்ன சொல்றது. எழும்பி வந்து, திரும்ப ஏத்தச் சொல்லி விரலால மேல காட்டினவராம்."

கடையில் இருந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணீர் குடிக்காமல் வந்துவிட்டேன்.