அக்கா என்று சொன்னதற்கு

ராக்காயி நெல் குத்திப் பிழைத்தவள். கோட்டைப்பட்டினத்திலிருந்து இலுப்பூர்ப் பக்கம் வாழ வந்தாள். கட்டியவன் செத்த பிறகும் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. யாருக்கும் பயப்பட மாட்டாள் என்பதைத் தவிர அவள்மேல் தெருவுக்கு வேறு புகார் இல்லை.

பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் பெண்டாட்டி அழகம்மாளைப் போட்டு அடிப்பது வாடிக்கை. அடிக்கிறவன் புருஷன் என்றால் மூன்றாம் மனுஷர் தலையிடக் கூடாது, பெண்ணின் கூடப்பிறந்தவர்கள் வந்துதான் கேட்க வேண்டும் என்பது அங்கே முறை. அழகம்மாளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஆண்டியப்பனுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

1938இல் ஒரு நாள், குளிக்க வைத்த வெந்நீர் ஆறிவிட்டது என்று அவள் கழுத்தை நெரித்தான். அவளுக்குக் கண் பிதுங்கியது. தெருவே வாசலில் நின்று முறையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ராக்காயி மட்டும் கையிலிருந்த உலக்கையோடு உள்ளே போனாள். ஒரே அடி. ஆண்டியப்பனுக்குத் தோள் எலும்பு முறிந்தது, அழகம்மாளுக்கு மூச்சு வந்தது.

போலீஸ் ராக்காயியைப் பிடித்து வழக்குப் போட்டது. வேடிக்கை பார்த்த ஒருவரும் எதையும் பார்க்கவில்லையாம். நெரித்ததைச் சொல்ல அழகம்மாள் ஒருத்திதான் சாட்சி. புருஷனுக்கு எதிராகக் கூண்டில் ஏறத் துணிந்துவிட்டாள்.

அவளுக்குப் புத்தி சொல்ல ரெங்கசாமி வந்தார். எப்போதோ ஒரு வரப்புத் தகராறில் கோர்ட்டுப் படி ஏறியவர். அன்று முதல் சட்டம் முழுவதும் அவர் வேட்டி மடிப்பில்தான் இருந்தது.

"மூணாம் மனுசி அடிச்சா ஜெயிலு. கூடப் பொறந்தவ அடிச்சா விட்டுருவாக. ராக்காயி ஒன் அக்கானு சொல்லிரு" என்றார். ஊர் முறையைத்தான் கோர்ட்டிலும் எழுதி வைத்திருப்பதாக அவருக்கு நினைப்பு.

அழகம்மாள் கூண்டில் ஏறி அப்படியே சொன்னாள். "எங்க அக்காங்க. என் உசிரக் காப்பாத்தத்தான் அடிச்சுச்சு."

"உன் தகப்பனார் பெயர்?" என்றார் சர்க்கார் வக்கீல்.

"சிவசாமிங்க."

ராக்காயி தன் தகப்பன் பெயர் நாகராசு என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மாஜிஸ்திரேட் தீர்ப்பு வாசித்தார். ஓர் உயிரைக் காப்பாற்ற யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், உறவாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆனால் உறவில் பொய் சொன்னவள் கழுத்து விஷயத்தில் மட்டும் நிஜம் சொல்வாள் என்று நம்புவதற்கில்லை. ராக்காயிக்கு மூன்று மாதம் சிறை. ரெங்கசாமி "அப்பீல் பண்ணிப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். அந்த மனுஷரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அழகம்மாள் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ராக்காயி வீட்டில் தங்கி, அவள் உரலிலேயே நெல் குத்தினாள். ஒரு நாள் கொழுக்கட்டை அவித்து எடுத்துக்கொண்டு ஜெயிலுக்கு நடந்தே போனாள். வாசலில் காவல்காரர் மறித்தார்.

"ஒறவுக்காரவுக மட்டுந்தான் பாக்கலாம். நீ அந்தம்மாவுக்கு என்ன வேணும்?"

ஒரு பொய் சொல்லிப் பட்டது அவளுக்குப் போதும்.

"ஒறவு இல்லைங்க. பக்கத்து வீடு" என்றாள்.

காவல்காரர் கதவைச் சாத்தினார்.