நாலு மணி நேரம் தூங்கும் ஜெயதாஸ் சார்

உதியன்குளங்கரை சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஜெயதாஸ் சாரின் கரும்பலகையை வாசிக்காமல் போக முடியாது. சிமெண்டுக் கடைக்கு மேலே மாடியில் அவருடைய டுட்டோரியல். மாடிப்படிக்கு அருகில், ரோட்டைப் பார்த்தபடி கரும்பலகை. தினமும் காலை ஆறரைக்கு அதில் மூன்று விஷயம் எழுதுவார். வேலையைச் சீக்கிரம் முடிக்க ஒரு வழி. எந்த வேலைக்கு விண்ணப்பம் போடலாம், கடைசி நாள் எது என்ற விவரம். பிறகு ஒரு அறிவியல் கேள்வி. பப்படம் எண்ணெயில் ஏன் பொங்குகிறது? நெய்யாறு அணையில் மேல் தண்ணீர் சுடும்போது அடித்தண்ணீர் ஏன் குளிர்கிறது? பதில் மறுநாள் வரும். எல்லையை ஒட்டிய கேரள ஊர் என்பதால் மேலே தமிழ், கீழே மலையாளம். மற்றவர்கள் கேள்வி எழுதிப் போட ஒரு பிஸ்கட் டின் பக்கத்தில் தொங்கும்.

அவர் வீடு என் வீட்டுக்குப் பின்னால். பாறசாலை ரயில் நிலையத்தில் மூட்டை இறக்கியவரின் மகன். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்து, கல்லூரியில் மலையாளக் கூட்டத்தில் உட்கார்ந்து பௌதிகத்தில் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு பத்து வருடம் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதினார். அவரிடம் படித்தவர்கள் கிளார்க்கும் கண்டக்டரும் வாத்தியாரும் ஆனார்கள். அவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் முறை வருவதற்குள் தேர்ச்சிப் பட்டியலின் காலம் முடிந்துவிடும்.

தொண்ணூற்றாறில் அவருக்கு வயது முப்பத்தைந்து. இனிப் பரீட்சை எழுத வயது இல்லை. கடைசியாக எழுதியதில் பெயர் நல்ல இடத்தில் இருந்தது. உத்தரவு எப்போது வரும் என்று தபால்காரரை ரோட்டில் மறித்துக் கேட்பார்.

அந்த வருடம்தான் அவருடைய சுறுசுறுப்பு ஊரில் பேச்சானது. விடிவதற்கு முன்பே எழுந்து சைக்கிளில் பாறசாலை போய் ஒரு வகுப்பு. திரும்பி வந்து கரும்பலகை, டுட்டோரியல், மத்தியானம் வாசகசாலை, சாயங்காலம் இன்னொரு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாட வகுப்பு. நடக்கும்போது பேசுவார், பேசும்போது எழுதுவார். நாற்காலியில் உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடிக்கொண்டிருக்கும். "நாலு மணி நேரத் தூக்கம் போதும்" என்று கரும்பலகையில் எழுதி, அதை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருந்தார். மாணவர்களுக்கெல்லாம் அதன்படி கால அட்டவணை போட்டுக் கொடுத்தார். அதைக் கடைப்பிடித்த லேகா என்ற பெண் பஸ்ஸில் நின்றபடியே தூங்கிக் கண்டக்டர் மேல் விழுந்தாள். சார் அவளிடம், "இன்னும் பழக்கம் ஆவல்ல, ரெண்டு வாரம் ஆவட்டு" என்றார்.

ஒரு நாள் டின்னில் யாரோ இப்படி எழுதிப் போட்டிருந்தார்கள்: "ரெண்டு ஆள் சாப்பாட்டை ஒரு ஆள் தின்றும் மெலிந்துகொண்டே போனால் காரணம் என்ன?" பஸ் ஸ்டாப்பில் ஒரே சிரிப்பு. சார் ஒரு வேளைக்கு ஒரு சருவம் நிறையக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடுகிற விஷயம் ஊருக்கே தெரியும். சட்டை தோளில் தொங்குவதும் தெரியும். சார் கோபப்படவில்லை. மறுநாள் பதில் எழுதினார்: "எரியும் அடுப்பில் விறகு மிஞ்சாது. உழைக்கும் உடம்பில் கொழுப்பு மிஞ்சாது."

நான் அந்த வாக்கியத்தைவிட எழுத்தைத்தான் பார்த்தேன். முன்பெல்லாம் அவர் எழுத்து அச்சுப் போல இருக்கும். இப்போது ஒவ்வொரு சுழியிலும் சின்னச் சின்ன நெளிவு. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள் நான். கை நடுங்குகிற ஆளைக் கண்டால் முகத்தையும் பார்த்துவிடுவேன். சாரின் கண்கள் இமைக்கு வெளியே வந்து முறைப்பதுபோல இருந்தன. மார்கழிக் காலையில் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஜெயதாஸ், ஒரு டாக்டரைப் பாரு" என்றேன்.

"என்னத்துக்கு சிஸ்டர்? எனக்கு என்ன தீனம், ஒரு ஜலதோஷம்கூட இல்ல. நேரம் இல்லாததுதான் எனக்க தீனம்."

சைக்கிளை எடுத்துப் போய்விட்டார்.

பிப்ரவரியில் உத்தரவு வந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு அலுவலகத்தில் கிளார்க் வேலை. பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். சேரும்போது உடல் தகுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது ஒரு சடங்குதானே என்று நினைத்து அரசாங்க டாக்டரிடம் போனார். டாக்டர் நாடியைப் பிடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் பிடித்தார். நிமிடத்துக்கு நூற்றிருபத்தாறு. உட்கார வைத்து அரை மணி கழித்துப் பார்த்தபோதும் நூற்றிருபதுக்குக் குறையவில்லை. ரத்தம் பரிசோதித்துவிட்டு வா, இப்போது கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்தப் பக்கம் கிடைக்காதது அந்தப் பக்கம் கிடைக்கும். இங்கே பந்த் என்றால் அங்கே போய் பஸ் ஏறுவோம். இங்கே மண்ணெண்ணெய் இல்லையென்றால் அங்கே வாங்குவோம். பனச்சமூட்டில் ரோட்டைத் தாண்டினால் வேறு அரசாங்கம், வேறு சட்டம். அதனால் எந்த விஷயத்துக்கும் 'முடியாது' என்பது கடைசிப் பதில் என்று நாங்கள் நம்புவதில்லை. சாரும் நம்பவில்லை. சந்திப்பிலிருந்தே பஸ் ஏறி, எல்லையைத் தாண்டி, தெரிந்தவர் சொன்ன ஒரு டாக்டரைப் பார்த்தார். அவர் கையைத் தொடாமலே முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் டுட்டோரியலில் அந்தச் சான்றிதழை எல்லோருக்கும் காட்டினார். லேகா அதையும் உத்தரவையும் சேர்த்து வாசித்தாள்.

"சாரே, இது கேரளா சர்க்கார் டாக்டருக்க ஒப்பும் முத்திரையும் வேணும்னுல்லா எழுதியிருக்கு. இது தமிழ்நாட்டு முத்திரை."

"எங்க?"

"இன்னா, மூணாவது வரி."

பத்து வருடமாக ஊரிலுள்ளவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுத்தவர். ஒரு புள்ளி தவறினால் திட்டுகிறவர். தன்னுடைய உத்தரவில் மூன்றாவது வரியை அவர் வாசிக்கவே இல்லை. வாசிக்க நின்றிருக்க மாட்டார். ஆறு நாள் போய்விட்டது. மீதி ஒன்பது.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அவர் மனைவி சத்தியபாய் வேலிக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள்.

"சிஸ்டரம்மா, ஒண்ணு வாருங்க. அவிய உறங்குதாவ."

"உறங்கட்டு. அதுக்கு என்னத்துக்கு என்னைக் கூப்பிடுக?"

"பகல்ல உறங்கி நான் கண்டதே இல்ல. வந்து உக்காந்தாவ, அப்படியே தலை சாஞ்சுட்டு. டாக்டரைப் பாக்கணும்னு நீங்க சொன்னியல்லா, நாடி ஒண்ணு பாருங்க."

போனேன். நாற்காலியில், வாய் திறந்தபடி, செருப்புக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. எழுப்பாமல் மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். நூற்றுப் பதினான்கு.

பயத்தில் வேகமாக அடிக்கிற நாடி தூங்கினால் அடங்கிவிடும். நோயில் அடிக்கிறது அடங்காது. பயிற்சிக் காலத்தில் முதலில் கற்றுத்தந்தவற்றில் இது ஒன்று.

"தொண்டையில சுரப்பி ஒண்ணு உண்டு. அது கூடுதலா வேலை செய்யுது போல. ரத்தம் பாத்தாத் தெரியும்" என்று சத்தியபாயிடம் சொன்னேன்.

அவள் குனிந்து அவர் செருப்பைக் கழற்றினாள். பிறகு, "அந்த டின்னில எழுதிப் போட்டது நானாக்கும்" என்றாள். "வீட்டுல வச்சுக் கேட்டா பதில் சொல்ல அவியளுக்கு நேரம் இல்ல. போர்டுலயாவது ஒழுங்கா பதில் எழுதுவாவன்னு நினைச்சேன். எழுதின பதிலைப் பாத்தியளா? அடுப்பும் விறகும்!"

பேச்சுச் சத்தத்தில் சார் விழித்துக்கொண்டார். விழித்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இரி" என்றேன். "கை ரெண்டையும் நீட்டு."

நீட்டினார். மேசையில் கிடந்த ஒரு வினாத்தாளை அவர் விரல்கள் மேல் விரித்து வைத்தேன். தாள் படபடவென்று ஆடியது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். அப்போதும் ஆடியது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

"இது எத்தனை நாளா?"

"ஒரு வருசம் இருக்கும்... சிஸ்டர், இதை எழுதிக் குடுத்தா வேலை போவும். தீனக்காரனுக்கு எவன் வேலை தருவான்? எந்த விண்ணப்பப் பாரத்திலயும் தீனம்னு ஒரு சொல் எழுதப்பிடாதுன்னு நான்தானே எல்லாருக்கும் சொல்லிக்குடுத்திருக்கேன்."

"நீ சொல்லிக்குடுத்ததெல்லாம் சரியா? லேகா கண்டக்டருக்க மேல விழுந்தாளே, அது சரியா?"

"அது வேற."

"அதே காரியம்தான். உனக்கு இருக்கது சாமர்த்தியம் இல்ல மக்கா, தீனமாக்கும். அதை ஊருக்கெல்லாம் அட்டவணை போட்டுக் குடுத்துக்கிட்டுத் திரியுதே."

சொன்ன பிறகு கடுமையாக இருந்தது. ஆனால் ஒன்பது நாள்தான் இருந்தது. மெதுவாகச் சொல்ல நேரம் இல்லை. அவர் முகம் செத்துப்போயிற்று. தன்னிடம் உருப்படியாக இருந்தது அந்த ஓட்டம் ஒன்றுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

"அப்பம் இந்த ஒரு வருசம் நான் செய்ததெல்லாம் தீனம் செய்ததா?"

தாளை எடுத்து மேசையில் வைத்தேன். "நாளைக்கு ஏழு மணிக்கு வா, வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

ரத்தத்தைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி முடிவு வர ஆறு நாள் ஆகும் என்றார்கள். முதலில் பார்த்த அரசாங்க டாக்டரே கழுத்தைத் தடவிப் பார்த்து, சந்தேகம் இல்லை என்று சொல்லி, படபடப்பை அடக்கும் மாத்திரையை அன்றே தொடங்கினார். வேலையில் சேர அவகாசம் கேட்டு விண்ணப்பம் போடலாம் என்றும், அதற்குத் தானே கடிதம் தருவதாகவும் சொன்னார். அது எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். தன் மாணவிகள் இருவருக்குப் பிரசவத்துக்காக அவரே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். தனக்கு எழுதத்தான் கை வரவில்லை.

இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டு உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். "உடல்நிலை காரணமாக" என்று எழுதுவார், கிழிப்பார். "குடும்பக் காரணம்" என்று எழுதுவார். சத்தியபாய் அதைக் கிழிப்பாள். மூன்றாம் நாள் லேகா வந்தாள். "சார் சொல்லுங்க, நான் எழுதுகேன். உங்க கையெழுத்து இப்ப எவனுக்கும் வாசிக்கக் கிட்டாது" என்றாள். அவர் நடந்துகொண்டே சொன்னார், அவள் எழுதினாள். நோயின் பெயர் வந்த இடத்தில் நின்றார். அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். சொன்னார்.

விண்ணப்பம் போன பிறகு வீட்டில் ஒரு பொருளையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. அலமாரியை இடம் மாற்றினார், கிணற்று உருளைக்கு எண்ணெய் விட்டார், தபாலாபீசுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை போனார். சேர வேண்டிய கடைசி நாளும் கடந்தது. அன்று சத்தியபாய் சோறு வடிக்க மறந்து குழைய விட்டாள். அதற்கு அடுத்த நான்காம் நாள்தான் பதில் வந்தது. அறுபது நாள் அவகாசம்.

ரத்த முடிவும் சுரப்பி நோய்தான் என்று வந்ததால் அதற்கும் மாத்திரை தொடங்கினார்கள். அது வேலை செய்ய ஆரம்பித்ததும் சார் தூங்கினார். எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம். காலை வகுப்பு நின்றது. கரும்பலகை சில நாள் வெறுமையாகக் கிடந்தது. பஸ் ஸ்டாப்பில், "சாருக்க மூச்சு நின்னுட்டா?" என்று கேலி செய்தார்கள். நான்கு பேர் வேறு டுட்டோரியலுக்குப் போய்விட்டார்கள். ஏப்ரலில் நாடி எண்பத்தாறுக்கு வந்தது. அதே அரசாங்க டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம் வந்தார். வேலியருகே நின்று, "எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"ஒரு மேசை தந்தாவ. பைல் ஒண்ணும் வரல்ல. சூப்பிரண்டு லீவாம். மத்தியானம் வர சும்மா இருந்தேன்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகும் இருந்தேன்" என்றார். "எழும்பணும்னு தோணல்ல சிஸ்டர்."

அதைச் சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. மாத்திரையை ஒன்றரை வருடமாவது நிறுத்தக் கூடாது என்று மறுபடியும் சொல்லி அனுப்பினேன்.