மாமாவுக்கு நூற்றிப்பத்து, அப்பாவுக்கு நூற்றைம்பது

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தொண்ணூறுகளின் நடுவில், அவருடைய எழுபத்திரண்டாவது வயதில் தெரிந்தது. பாளையம்பட்டிக் கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் என்னோடு இருந்தார். திருட்டுத்தனமாக இனிப்புத் தின்பவராக இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவர் அதற்கு நேர்மாறு.

மல்லாங்கிணற்றுத் தாய்மாமா ஒருநாள் வந்து, வெறும் வயிற்றில் தனக்கு நூற்றிப்பத்துதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு நூற்றைம்பது. அன்றைக்குப் பிடித்தது சனி. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். காலையில் நான் வைக்கும் தட்டில் பாதியைத் திருப்பித் தள்ளினார்.

"மாமாவுக்கு அம்பத்தஞ்சு வயசுப்பா. காட்டு வேலை பாக்குறாக. அவுகளோட உங்களுக்கு என்ன போட்டி?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாதுத்தா."

ஒரு சனிக்கிழமை காலை, எதுவும் சாப்பிடாமல், ஒரு மாத்திரைக்கு இரண்டாக விழுங்கிவிட்டு ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் வேர்த்துக் கொட்டி, விழுந்து, நெற்றி கிழிந்துவிட்டது. குடித்துவிட்டு விழுந்திருக்கிறார் என்று ஒதுங்கிப் போனவர்களே அதிகம். தன் அம்மாவுக்கும் சர்க்கரை உள்ள ஒரு கண்டக்டர்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டு, சீனித் தண்ணீர் கொடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

மூன்று தையல். டாக்டரம்மா என்னைவிடக் கோபமாக இருந்தார்.

"இந்த வயசுல நூத்திப்பத்து வேணும்னு யாரு சொன்னா? உங்களுக்கு நூத்தம்பது இருந்தாப் போதும். சர்க்கரை கொறஞ்சு விழுந்து இடுப்பு ஒடிஞ்சா என்ன செய்வீக?"

"அப்ப எனக்கு நூத்திப்பத்து வரவே வராதா?" என்றார் அப்பா.

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வெளியே வந்ததும் நடுத்தெருவில் கத்தித் தீர்த்தேன். தலையில் கட்டுப் போட்ட மனிதரைத் திட்டுகிறாளே என்று ஊரே பார்த்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. நான் ஓய்ந்ததும் அப்பா சொன்னார்.

"ஒங்க அம்மா இதே சர்க்கரையில கால எடுத்துட்டு மூணு வருசம் கெடையில கெடந்தா. நீதான் அள்ளிக் கொட்டுன. இன்னொரு வாட்டி ஒன்னைய அதச் செய்ய வைக்கக் கூடாதுன்னுதான் பாத்தேன்."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? அதற்கும் சேர்த்துத் திட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாத்திரை டப்பா என் பீரோவுக்குள் போனது. என் கண்முன்னே மூன்று இட்லி உள்ளே போன பிறகுதான் மாத்திரை. அடுத்த மாதம் நூற்றைம்பத்து நான்கு. டாக்டரம்மாவுக்கும் எனக்கும் பரம திருப்தி. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.