துடைப்பத்தைப் பார்த்து எழுதியவள்

அந்தக் கல்லூரியில் அவளுக்கு ‘உடைக்கிற அக்கா’ என்று பெயர். மாணவர்கள் எழுதி அனுப்பும் கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் திருத்தி, ஒரு மெஷினே மார்க் போட்டுவிடும்; முன்பே வந்த ஒன்றோடு ஒத்துப்போனால் காப்பி என்று சைபரும் போடும். அந்த மெஷின் எதற்கெல்லாம் படுத்துக்கொள்ளும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் புரோகிராமை அனுப்புவாள். ஒன்றுமே எழுதாத ஃபைலை அனுப்புவாள்.

வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே உயிர், இறந்துபோன அக்காவின் மகள். அதே கல்லூரியில்தான் படித்தாள்.

கடைசி நேரத்தில் வகுப்பே சேர்ந்து அனுப்பினால் மெஷின் தாங்குமா? அதைச் சோதிக்க ஓர் அசல் புரோகிராம் வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் பெண் எழுதி முடித்து, இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த ஒன்று கண்ணில் பட்டது. கேட்காமலே எடுத்துக்கொண்டாள். பொய்யாக ஒரு மாணவர் கூட்டத்தையே உண்டாக்கி, கரண்டி, குடம், துடைப்பம் என்று வாயில் வந்த பெயரையெல்லாம் வைத்து, எல்லார் பெயரிலும் அதையே ஒரே நேரத்தில் அனுப்பினாள். மெஷினுக்கு மூச்சு வாங்கியது, விழவில்லை! அந்தப் பூரிப்பில் பொய் மாணவர்களை அழிக்க மறந்துபோனாள்.

அடுத்த வாரம் பெண் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

“சித்தி, எனக்கு சைபர் போட்டிருக்கு. காப்பி அடிச்சேனாம். சார் எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுட்டாரு.”

“யாரைப் பாத்து எழுதினே?”

“நானேதான் எழுதினேன் சித்தி!”

“மெஷின் பொய் சொல்லாதுடி. நான் தட்டிப் பாத்த மெஷின் அது. நல்லவேளை, இதப் பாக்க உங்கம்மா இல்ல.”

பெண்ணின் அழுகை சட்டென்று நின்றது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐயோ, அந்த வார்த்தையை விழுங்கியிருக்கக் கூடாதா!

யாருடையதோடு ஒத்துப்போகிறது என்பதை மெஷின் ஆசிரியருக்குக் காட்டாது; அவளுக்குக் காட்டும். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வேகத்தில் மறுநாள் காலை அந்தப் பட்டியலைத் திறந்தாள்.

கரண்டி. குடம். துடைப்பம்.

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. சத்தமில்லாமல் அழித்து, மார்க்கைத் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கைகூட அதற்குப் போய்விட்டது. ஆனால், குழந்தை நின்றது எல்லார் முன்னாலும் அல்லவா?

பெண்ணின் வகுப்புக்குள் நுழைந்தாள்.

“என்னக்கா, இங்க எத உடைக்க வந்தீங்க?” என்றார் ஆசிரியர்.

“உடைச்சுட்டேன் சார். இந்தப் பொண்ணு யாரையும் பாத்து எழுதல. இவ எழுதினத திருட்டுத்தனமா எடுத்து, கரண்டி, குடம், துடைப்பம்னு கண்ட பேருலயும் அனுப்பினது நான்தான்.”

துடைப்பம் என்ற பெயரைக் கேட்டதும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

மார்க் திரும்பி வந்தது. ஆசிரியரும் வருத்தம் தெரிவித்தார். மாலையில் கல்லூரி வாசலில் அவள் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

“மன்னிச்சிடுடி கண்ணு. அழிக்க மறந்துட்டேன்.”

“அது பரவால்ல சித்தி. சாருக்கு என்னைப் பத்தித் தெரியாது. உங்களுக்குமா தெரியாது?”

பெண் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு முன்னே நடந்தாள். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். இருந்தும், கூட நடக்க முகமில்லாமல், வீடு வரை பின்னாலேயே போனாள் அந்தச் சித்தி.