நல்ல தண்ணியும் நாலாவது கத்தியும்

நான் ஒரு கத்தி செய்திருக்கிறேன். இதைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன். அடக்கம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். திண்டுக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நாற்பத்தாறு வயதுக்காரி, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, தோய்த்து, தீட்டி, பிடி போட்டு, சின்ன வெங்காயம் வெட்டுகிற கத்தியாக்கிக் காட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் மூன்று கத்திகளைக் கொன்றேன் என்பதும் உண்மைதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கெல்லாம் காரணம் என் அக்காவின் பெருவிரல். அக்கா ரெட்டியார்சத்திரத்தில் மெஸ் நடத்துகிறாள். மத்தியானச் சாப்பாடு மட்டும்தான். ஆனால் பழனி ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் அவள் வைக்கிற கூட்டு, பொரியல் வெஞ்சனத்துக்காகவே வண்டியை ஓரங்கட்டுவார்கள். போன வருஷம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது கைப் பெருவிரல் மடங்காமல் போய்விட்டது. கட்டைவிரல் என்கிறோமே, நிஜமாகவே கட்டையாக நீட்டிக்கொண்டு நின்றது. கடையில் வாங்கிய கத்தி எதையும் அவளால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. பிடி கைக்குள் சுழன்றுவிடும். இரண்டு தடவை இடது கையை வெட்டிக்கொண்டாள். அருவாமனைக்கு முன்னால் உட்கார முழங்கால் இடம் கொடுக்கவில்லை. காய் வெட்ட ஓர் அம்மாளை வேலைக்கு வைத்தாள். அந்த அம்மாள் வெங்காயம் வெட்டுகிற லட்சணத்தைப் பார்த்து அக்கா நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னாள்.

"கத்தி பிடிக்காத கைக்கு மெஸ் எதுக்குடி? தை வரைக்கும் பாக்குறேன். அப்பறம் மூடிட்டுப் போறேன்."

அக்கா சொன்னால் செய்கிறவள். ஒரு குத்துவிளக்குக்காக என்னோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவள். நானும் லேசுப்பட்டவள் இல்லை, அதே இரண்டு வருஷம் நானும் பேசவில்லை. அந்தச் சண்டைக்குக் காரணம் விளக்கே இல்லை, அதற்கு முதல் நாள் நான் அவள் கையில் நேராகக் கத்தியைக் கொடுத்ததுதான் என்பது இன்றுவரை அவள் கட்சி. கத்தியைக் கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை மாறினால் சண்டை வரும். அவள் அடுப்படியில் இது சட்டம்.

மெஸ்ஸை மூடிவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் அக்காவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயமாக இருந்தது. தைக்கு நாலு மாதம் இருந்தது. உன் கைக்கு ஏற்ற கத்தி கடையில் கிடைக்காவிட்டால் நானே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொதல்ல ஒன் மிஷினு பேப்பரைக் கடிக்காம இருக்கட்டும்."

எனக்கு ரோஷம் வந்தால் சாப்பாடு இறங்காது. அன்றைக்கு இறங்கவில்லை.

வீட்டில் இரும்புக்குப் பஞ்சமில்லை. என் வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். தேய்ந்துபோன அரங்களைத் தூக்கிப் போட மனம் வராமல் கொண்டுவந்து கொல்லையில் ஒரு தகர டின்னில் நிறைத்து வைத்திருந்தார். கத்தி செய்து பழகுகிறவர்கள் பலபேர் பழைய அரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள் என்று போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். கடையில் ஆள் வந்து கூப்பிட்டாலும், "செத்த இருங்க, இரும்பு பழுக்குது" என்பேன். ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் இரண்டு பேர் கூடவே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கொல்லையில் நாலு சூளைச் செங்கல், ஒரு சாக்குச் சிரட்டைக் கரி, காற்று ஊத மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன ஹேர் டிரையர். இதுதான் என் உலை. அரத்தைச் சிவக்கப் பழுக்கவைத்து, சாம்பலுக்குள் புதைத்து, மறுநாள் வரை ஆறவிட்டால் இளகிவிடும். அப்புறம் புது அரம் கொண்டு அதை அராவிக் கத்தி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் அரம் பிடித்த விதம் பொறுக்காமல் வீட்டுக்காரர் இரண்டே நிமிடத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டார். நான் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது. முதல் கத்தி வடிவத்துக்கு வர மூன்று வாரம் ஆனது.

வடிவம் வந்தபின் மறுபடி பழுக்கவைத்துச் சட்டென்று குளிரவைத்தால்தான் இரும்பு இறுகும். அதற்குத் தோய்ச்சல் என்று பெயர். அருவாள் அடிக்கிறவர்கள் தண்ணீர்த் தொட்டியில் முக்குவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதனால் வீடியோவில் அந்த இடத்தை ஓட்டிவிட்டு, தண்ணீர்தான் என்று நானே முடிவு கட்டினேன். போர் தண்ணீர் ஒரு வாளி. முக்கினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து முதுகு வரை ஒரு மயிரிழை விரிசல்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எது கெட்டுப்போனாலும் முதல் சந்தேகம் தண்ணீர்மேல்தான். பருப்பு வேகவில்லையா, முடி கொட்டுகிறதா, பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டானா, எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணிதான் காரணம். வீட்டுக்காரரும் விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

"இந்த உப்புத் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்குது. இரும்பு என்ன செய்யும், பாவம்."

எனக்கு அது அப்பட்டமான உண்மையாகப் பட்டது. ஆகவே இரண்டாவது கத்திக்கு நல்ல தண்ணி. வாரம் பத்து நாளைக்கு ஒருதரம் குழாயில் வருகிற குடிதண்ணீர். விருந்தாளிக்கே அரை டம்ளர் அளந்து ஊற்றுகிற வீட்டில், ஒரு முழுக் குடத்தை வாளியில் சாய்த்தேன். முக்கினேன். 'டிக்.' இந்தத் தடவை இரண்டு விரிசல்.

"ஒரு கொடம்" என்றார் வீட்டுக்காரர். கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் அந்தக் குடத்துக்கே துக்கம் கொண்டாடினார்.

எனக்கு வந்த கோபத்தில் வீடியோவை எங்கேயும் ஓட்டாமல் முதலிலிருந்து பார்த்தேன். அந்த ஆள் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார், எண்ணெய் என்று. மெல்லிசான கத்தி தண்ணீரின் வேகத்தைத் தாங்காது. அது உப்புத் தண்ணியா நல்ல தண்ணியா என்று இரும்புக்குக் கவலையே இல்லை. அந்தக் கவலை திண்டுக்கல்காரர்களுக்கு மட்டும்தான்.

தீபாவளிக்கு முறுக்கு சுட்ட கடலெண்ணெய் தூக்குவாளியில் மிச்சம் இருந்தது. மூன்றாவது கத்தியைப் பழுக்கவைத்து அதில் இறக்கினேன். குப்பென்று புகை எழும்பித் தெரு முழுக்க முறுக்கு வாசம். செத்த நேரத்தில் எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றார்.

"என்ன, பலகாரமா? வீட்டுல விசேஷமா?"

"கத்தி சுடுறேன்க்கா."

அவர் கொல்லை வரை வந்து எட்டிப் பார்த்தார். எங்கேயோ முறுக்கை ஒளித்துவைத்திருக்கிறேன் என்ற முடிவோடு திரும்பிப் போனார்.

விரிசல் இல்லை. வீட்டுக்காரர் தன் அரத்தைக் கொண்டுவந்து விளிம்பில் ஓர் இழுப்பு இழுத்தார். அரம் பிடிமானமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. "அரம் பிடிக்கல" என்றார். இரும்பு நன்றாக இறுகிவிட்டது என்று அர்த்தம். பூட்டுக்காரர் வாயில் அதற்குமேல் பாராட்டு வராது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம் நீடித்தது. துடைத்து வைக்கும்போது கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்து, கத்தி இரண்டு துண்டாகிவிட்டது. அப்படியே உட்கார்ந்து அழுதேன். எனக்குக் கோபம் வந்தாலும் அழுகைதான் வரும். கார்த்திகை பிறந்துவிட்டிருந்தது. தை கண்ணுக்குத் தெரிந்தது.

இறுகின இரும்பை அப்படியே விட்டால் கண்ணாடிபோல நொறுங்கும். மறுபடி இளஞ்சூட்டில் வைத்துக் கொஞ்சம் இளக்க வேண்டும். வீடியோக்காரர் அதற்கு என்னவோ பெயர் சொன்னார். எங்கள் வழக்கில் அது பதம். கத்தி மழுங்கினால் பதம் போய்விட்டது என்கிறோம், அதிரசப் பாகு சரியாக வந்தால் பதம் வந்துவிட்டது என்கிறோம். இரண்டும் ஒரே வார்த்தை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் இது அடுப்படி விவகாரம். இதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

நாலாவது கத்திக்கு டின்னில் இருந்ததிலேயே பெரிய பட்டை அரத்தை எடுத்தேன். முறுக்கு எண்ணெயில் தோய்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, வாணலியில் மணலைச் சுடவைத்து அதில் முதுகுப் பக்கமாக நட்டேன். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். இரும்பில் முதலில் லேசாக மஞ்சள் ஓடியது. பிறகு வெங்காயம் வதங்கிப் பொன்னிறமாகுமே, அந்த நிறம். பொன்னிறத்தைத் தாண்டவிட்டால் என்ன ஆகும் என்பதை எந்தச் சமையல்காரிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டென்று எடுத்துவிட்டேன். ஆறியதும் வேண்டுமென்றே தரையில் போட்டேன். 'ணங்' என்று விழுந்து முழுசாகக் கிடந்தது. இன்னொரு தரம் போட்டேன். மூன்றாவது தரம் கையை ஓங்கும்போது வீட்டுக்காரர் தடுத்தார்.

"போதும். தரை ஒடஞ்சிரும்."

பிடிக்குப் புளியங்கட்டை எடுத்து வைத்திருந்தேன். எந்த வடிவத்தில் செதுக்குவது என்பதுதான் கேள்வி. மைதா மாவைப் பிசைந்து டிபன் பாக்ஸில் கொண்டுபோய், கத்தி பிடிக்கிற மாதிரி அமுக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அவள் பிடி குழைந்து கொழுக்கட்டையாகிவிட்டது. அடுத்த வாரம் களிமண்ணோடு போனேன். "என் கை ஒனக்கு வெளையாட்டாப் போச்சு" என்று முனகிக்கொண்டே அமுக்கினாள். அந்த மண்ணில் நாலு விரலின் குழிகள் தெரிந்தன. மேலே பெருவிரல் மட்டும் நேர்கோடாகக் கிடந்தது. அதுவரை அவள் பிடித்த எல்லாக் கத்தியும் அந்த விரலை மடங்கச் சொன்னது. நான் அது நீட்டிப் படுத்துக்கொள்ள, கத்தியின் முதுகை ஒட்டிப் பிடியில் ஒரு பள்ளம் செதுக்கினேன்.

மார்கழி கடைசி வாரம். கத்தியைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரெட்டியார்சத்திரம் வழியாகப் போகிற ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினேன். மெஸ்ஸில் காய் வெட்டும் நேரம். நான் துண்டைப் பிரித்ததுமே அக்கா இரண்டடி பின்னால் போனாள்.

"கையில குடுக்காத. கீழ வை."

பலகைமேல் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். முதுகோரத்தில் பழைய அரத்தின் பல்தடம் வரிவரியாக அப்படியே இருந்தது. அழகாக இருக்கிறதென்று நான்தான் விட்டு வைத்திருந்தேன். அதைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன, சொரசொரங்குது" என்றாள். பிறகு கத்தியை எடுத்தாள்.

விரல்கள் குழிகளில் உட்கார்ந்தன. பெருவிரல் பள்ளத்தில் நீட்டிப் படுத்தது. அவள் கையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிடி சுழலவில்லை. ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து வெட்டினாள். நிறுத்தினாள். இன்னொன்று வெட்டினாள். அதற்கப்புறம் நிறுத்தவில்லை. காய் வெட்டுகிற அம்மாளிடம், "நீங்க கொஞ்சம் அரிசியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குண்டா நிறைய இருந்த வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். விடாமல், ஒரே சீராக, பலகையில் விழுகிற சத்தம். ஒரு வருஷமாக அந்த அடுப்படியில் கேட்காத சத்தம் அது. என் வாழ்க்கையில் நான் பாஸான எந்தப் பரீட்சைக்கும் இப்படிப் பெருமைப்பட்டதில்லை.

வெங்காயம் முடிந்து, கத்தரிக்காய் முடிந்து, தேவையே இல்லாத இரண்டு வாழைக்காயையும் வெட்டினாள். நான் சும்மா இருப்பேனா?

"தையில மூடுறேன்னு சொன்னியே."

"யாருடி மூடுறா? வேல இருக்கு, தள்ளி நில்லு."

சாப்பாட்டு நேரம் முடிந்து, கூட்டம் கலைந்தபின், கத்தியைக் கழுவித் துடைத்துக் கல்லில் நாலு இழுப்பு தீட்டினேன். அவளிடம் கொண்டுபோய், பழக்கத்தில் பலகைமேல் வைக்கக் குனிந்தேன். அக்கா கையை நீட்டியபடி நின்றாள்.

"இங்க குடு."

"கையிலயா? சண்டை வரும்ல."

"நாம போடாத சண்டையா? குடுடி."

பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினேன். அக்காவின் பெருவிரல் வந்து அதன் இடத்தில் படுத்துக்கொண்டது.