சின்னவனுக்கு ஸ்கேன்

பரளச்சி கிராமத்துச் சந்தனம்மாளுக்குப் பிள்ளைகள் இரண்டு என்றுதான் சொல்ல வேண்டும். பெரியவன் அசோக், குவைத்தில் லாரி ஓட்டுகிறான். சின்னவன் ஒரு கிடாய். அசோக் விமானம் ஏறிய அன்று, "எம்புள்ள நல்லபடியாத் திரும்பி வரட்டும், இத உனக்கே வெட்டுறேன்" என்று கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட குட்டி.

நேர்ந்துவிட்டதை அதன் போக்கில் விட வேண்டியதுதானே? இந்த அம்மா மடியில் போட்டுக் கம்பஞ்சோறு ஊட்டினாள். மகனுக்கு ஊட்ட முடியாததெல்லாம் அதன் வயிற்றுக்குப் போனது. அசோக் போனில் பேசினால் அதன் காதில் கொண்டுபோய் வைப்பாள். "அண்ணன் பேசுறான்டா, கேளு." நாலு வருசமாக இதே கூத்து.

வருகிற மாசிக்கு அசோக் வருகிறான். சேதி வந்த வாரத்திலேயே கிடாயின் அடிவயிற்றில் ஒரு கட்டி தெரிந்தது. பூசாரி மாரிச்சாமி தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "புத்துநோயா இருந்தாப் பொழைக்காது. கீறி எடுத்தாலும் சாமிக்கு ஆகாது. தழும்பு விழுந்த கிடாயக் கருப்பன் ஏத்துக்கிட மாட்டான். வேற கிடாய் பாத்துக்கிட வேண்டியதுதான்."

என் லோடு ஆட்டோவில்தான் இரண்டு பேரையும் அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு புலம்பினாள். "அண்ணன் வர்ற வரைக்குமாச்சும் இருடா. அவன் மொகத்தப் பாத்துப்பிட்டுப் போடா." அண்ணன் வந்தால் இதற்கு என்ன ஆகும் என்பதை நான் நினைவூட்டவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் வயிற்று மயிரை மழித்து, பசை தடவி, கருவியை வைத்து உருட்டினார்கள். சந்தனம்மாள் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அவளுக்கு அதில் என்ன புரிந்திருக்கும்? பெரியவனும் வேண்டும், இவனும் வேண்டும். அந்த ஏக்கம் ஒன்றுதான் அவள் முகத்தில் இருந்தது.

"புத்து இல்லம்மா," என்றார் டாக்டர் ப்ரியா. "வெறும் சீழ்க்கட்டி. உள்ளே எங்கேயும் பரவல. கீறிச் சுத்தம் பண்ணித் தையல் போட்டாச் சரியாயிரும்."

சந்தனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தழும்பு விழுமா டாக்டரம்மா?"

விற்பதற்காகக் கேட்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "தெரியாத மாதிரி தச்சிடுறேன், கவலப்படாதீங்க."

சந்தனம்மாள் பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயய்யோ, வேணாம் தாயி. நல்லாத் தெரியுற மாதிரியே தைங்க. எங்க பூசாரிக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்."